படப்பெட்டி: ஒட்டும் வரைக்கும் படங்கள் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: அக்கா, வருகிற ஆவணியில் அம்மாவுக்கு 70 வயது. அவரின் சின்ன வயதிலிருந்து பேரப்பிள்ளைகள் வரைக்கும் படங்களை ஒட்டி, பக்கத்தில் எழுதி ஒரு ஸ்கிராப்புக் செய்து கொடுக்க ஆசை. பழைய அல்பங்களில் இருந்து 350 படம் வரை கழற்றி விட்டேன். வர்ணத் தாள், ரிப்பன், ஸ்டிக்கர் எல்லாம் வாங்கியாச்சு. ஆனால் பள்ளிக்கூட வேலையால் சித்திரை விடுமுறை வரைக்கும் நேரமில்லை. இப்போதைக்கு எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இருக்கட்டுமா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: இன்றைக்கே கீழே இறக்குங்கள் தங்கச்சி. விடைத்தாள் கட்டைப் பிறகு பார்க்கலாம்.

1986 இல் மட்டக்களப்பு ரவுணில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். இத்தனை வருடத்தில் பழுதாகி என் கைக்கு வந்த படங்களில் அநேகமானவை, அல்பத்தில் இருந்து கழற்றி 'பிறகு ஒட்டுவோம்' என்று எங்கேயோ போட்டு வைத்தவை. அந்தப் 'பிறகு' இருக்கிறதே, அது பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் சடங்கு, வெள்ளம் என்று தள்ளித் தள்ளிப் போய் ஐந்து வருடமாகி விடும். சித்திரை வரைக்கும்தானே என்று எண்ண வேண்டாம். பத்து வருடம் வைக்கப் போகிற மாதிரி வையுங்கள். சித்திரையில் எடுக்கக் கிடைத்தால் சந்தோஷம்.

அலுமாரியின் மேல்தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் மத்தியான நேரம் கையை வைத்துப் பாருங்கள். ஓடென்றாலும் சீற் என்றாலும் அடுப்பங்கரை மாதிரிச் சுடும். வர்ணப் படத்தின் நிறம் மூன்று சாயங்களால் ஆனது: மஞ்சள், சிவப்பு, நீலம். அந்தச் சாயங்கள் வெளிச்சம் படாத இருட்டிலும் சூட்டினால் மெல்ல மெல்லச் செத்துப் போகும். 1970களிலும் 80களிலும் கழுவிய பல படங்களில் நீலச் சாயம்தான் முதலில் போகும். அதனால்தான் அந்தக் காலத்துக் கலியாணப் படங்களில் மணமக்கள், பந்தல், வாழைமரம் எல்லாமே செங்கல் நிறமாகத் தெரிகிறது. அதற்கும் முந்திய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஸ்டூடியோக்காரர் ஹைப்போ (படத்தை நிலைப்படுத்தப் போடுகிற மருந்து) போகும்படி ஓடுகிற தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஒழுங்காகக் கழுவியிருந்தால் அது உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். அம்மாவின் சின்ன வயதுப் படம் பளிச்சென்றும், உங்கள் சின்ன வயதுப் படம் சிவந்தும் இருந்தால் காரணம் இதுதான்.

அடுத்தது அந்தப் பை. படத்தின் முகப்பில் இருப்பது ஜெலற்றின். கேக்குக்குப் போடுகிற அதே சாமான். ஈரம் பட்டால் ஊதிப் பிசினாகும், காய்ந்தால் எதில் தொட்டுக் கொண்டிருக்கிறதோ அதோடு ஒட்டிக் கொள்ளும். பூஞ்சணத்துக்கும் அது நல்ல சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். படங்களுக்கு நல்லது 30 முதல் 50 வீதம். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற நம்முடைய ஊரில் மாரி காலத்தில் 80 வீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். அந்தக் காற்றோடு சேர்த்துப் பையின் வாயை முடிச்சுப் போட்டால், ஈரத்தைப் படத்தோடு கட்டி வைத்த மாதிரி.

சரி, எதில் வைப்பது? வெளிநாட்டுப் பெட்டி தேவையில்லை. பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியை, ஐஸ்கிறீம் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஒரு இலக்கம் இருக்கும். 5 என்றால் பொலிப்ரொப்பிலீன், 2 என்றால் கெட்டிப் பொலித்தீன். இரண்டும் படத்துக்குத் தீங்கு செய்யாது. 3 என்றால் பி.வி.சி. அதை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பி.வி.சி.யில் இருந்து அமில ஆவியும் எண்ணெய்ப் பசையும் வெளியே வரும். மழைக்கோட்டு மாதிரி மணக்கிற, விரலில் ஒட்டுகிற மெத்தென்ற உறை எல்லாம் அநேகமாக அதுதான். காசு செலவழித்து வாங்குவதென்றால் 'அமிலமற்றது' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். படங்களோடு வைத்துச் சோதித்துத் தேறியது என்பதற்கான ஐ.எஸ்.ஓ. 18916 என்ற இலக்கம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மணம் போகும் வரை இரண்டு நாள் திறந்து விடுங்கள். மழை விட்டுத் தொடர்ந்து வெயில் எறிக்கிற ஒரு நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு, படங்களை அறைக்குள் மேசையில் பரப்பி ஃபேனை மெதுவாகச் சுழல விடுங்கள். வெயிலில் காய வைக்கவே கூடாது. பின்னேரம் வெளியில் ஈரம் ஏறுவதற்கு முன் பெட்டிக்குள் அடுக்குங்கள். இரண்டு படங்களின் முகம் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் போட்டோகொப்பி எடுக்கிற வெள்ளை ஏ4 தாளை வெட்டி வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், அது தானும் மஞ்சளாகிப் படத்தையும் மஞ்சளாக்கும். பட்டம் கட்டுகிற கலர்த் திசுத்தாள் சாயம் விடும். படங்களை நிறுத்தி வைப்பதென்றால் சாயாத அளவுக்கு நிறைத்து வையுங்கள். பெட்டி அரைவாசிதான் நிறையுமென்றால் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படம் வளைந்து அப்படியே பழகிவிடும்.

றப்பர் பான்ட் போட்டுக் கட்டியிருந்தால் கழற்றுங்கள். றப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிப் படத்தில் பட்ட இடம் கறுக்கும். கிளிப், ஸ்ரேப்ளர் கம்பி நம்முடைய உப்புக் காற்றில் எவ்வளவு கெதியாகத் துருப்பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னுமொன்று. நீங்கள் வாங்கி வைத்த ரிப்பனும் ஸ்டிக்கரும் வர்ணத் தாளும் படங்களோடு ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. 'எல்லாச் சாமானும் ஒரே இடத்தில் இருந்தால் எடுக்க லேசு' என்று எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பசையும் சாயமும் உள்ள பொருட்கள் மாதக்கணக்கில் மூடின பெட்டிக்குள் ஆவி விட்டுக் கொண்டேயிருக்கும். சாமானுக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி. அல்ப உறைகளுக்குள் நெகட்டிவ் கிடந்தால் அதற்கு மூன்றாவது பெட்டி. எறிந்து விடாதீர்கள், படத்துக்கு என்ன நடந்தாலும் திரும்பப் பிறப்பிக்கிற வித்து அது. பழைய நெகட்டிவில் வினாகிரி மணம் வந்தால் அந்தச் சுருள் உருக்குலையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றில் இருந்து பிரித்து, முதலில் ஸ்கான் செய்யுங்கள்.

பெட்டிகளை அலுமாரியின் நடுத்தட்டில், வெளிச்சுவரில் முட்டாத பக்கமாக வையுங்கள். 2011 தை வெள்ளத்தையும் 2024 கார்த்திகை வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாம். நிலத்தில் எதையும் வைக்க வேண்டாம். ஒட்டுகிற வேலைக்கும் என்னைக் கேட்டால் சித்திரை விடுமுறையில் படங்களைத் தெரிந்து வரிசைப்படுத்துங்கள், தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று எழுந்த பிறகு ஒட்டுங்கள். வருடத்திலேயே காற்று நன்றாகக் காய்ந்திருக்கிற காலம் அது. தாள் ஈரமில்லாமல் இருக்கும்போது ஒட்டினால் பக்கம் நெளியாது. ஜன்னலை மட்டும் சாத்திக் கொள்ளுங்கள், கச்சான் மேசையில் ஒரு படத்தையும் விட்டு வைக்காது. ஆவணிக்கு இடமிருக்கிறது.

கேள்வி: உம்மா வாப்பாவின் கலியாணம் 1984 இல் நடந்தது. பக்கமெல்லாம் பசை பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற அல்பத்தில் படங்கள் இருக்கின்றன. கழற்றிப் புதிதாகச் செய்வோம் என்று பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. கத்தி வைக்கலாமா?
– ஒரு தம்பி, அக்கரைப்பற்று

பதில்: கத்தி வேண்டாம் தம்பி. உங்கள் பக்கம்தான் கடலும் ஆறும் இருக்கிறதே, தூண்டிலுக்குப் போடுகிற ஆக மெல்லிய தங்கூசி நூல் ஒரு முழம் எடுங்கள். கிடைக்காவிட்டால் மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலும் சரி.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளபடியே கைத்தொலைபேசியால் படம் எடுத்துக் கொள்ளுங்கள். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு கதைதான், கழற்றிய பிறகு அது ஞாபகம் வராது. பிளாஸ்டிக் தாளை மெதுவாக உரித்து நீக்குங்கள். தங்கூசியை இரண்டு கை விரலிலும் சுற்றி இறுக்கிப் பிடித்து, படத்தின் ஒரு மூலையில் அடியால் நுழைத்து, வாள் அரிகிற மாதிரி இங்கேயும் அங்கேயுமாக இழுத்துக் கொண்டு குறுக்காக முன்னேறுங்கள். நூல் எப்போதும் அல்பத் தாளை அணைத்துக் கொண்டே போகட்டும். படத்தை மேலே தூக்காதீர்கள், தூக்கினால் மடிந்து முகப்பு வெடிக்கும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் போனாலும் போகட்டும்.

எங்கேயாவது இறுகி நின்றால் அங்கேயே விடுங்கள். அந்தப் பக்கத்தின் தாளையே படத்தைச் சுற்றி வெட்டி எடுத்து, முதுகில் தாளோடு படம் இருக்கட்டும். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. கழன்ற படத்தின் முதுகில் பசை மிச்சமிருக்கும். அதைச் சுரண்டாமல், கேக் தட்டுக்குப் போடுகிற பேக்கிங் பேப்பரில் ஒரு துண்டு வைத்து மற்றப் படத்தில் இருந்து பிரித்து அடுக்குங்கள், அதில் பசை பிடிக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றவும் வேண்டாம். ஒட்டத் தயாரான பக்கத்துக்குரியதை மட்டும் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தப் பசை நிற்கிற ஒவ்வொரு வருடமும் படத்துக்குக் கேடுதான். ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு தாள் என்று வைத்துக் கொண்டு உம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பப்பாவின் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டுவிட்டது. புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அது வேண்டும். எப்படி எடுப்பது?
– வாசகி, கல்லடி

பதில்: எடுக்க வேண்டாம். கண்ணாடியோடு இருக்கட்டும்.

1978 கார்த்திகை 23 ஆம் திகதி சூறாவளி அடித்தபோது எனக்கு 12 வயது. அப்போது நாங்கள் ஆரையம்பதியில் இருந்தோம். விறாந்தைக் கூரை போய்விட்டது, தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன. அம்மா அப்பாவின் கலியாணப் படம் நடு அறைச் சுவரில் சட்டத்தோடு தப்பியிருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் போயிருந்ததை நான் கண்டேன். அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் ஆணிகளைக் கழற்றி, பின்னாலிருந்து படத்தைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம், பழைய சீலை கிழிகிற மாதிரி. கையில் வந்த படத்தில் அம்மாவின் இடது கன்னம் இருந்த இடத்தில் வெள்ளைக் கடதாசி. கன்னமும் தோடும் கண்ணாடியில் இருந்தன. அம்மா ஏசவில்லை. கண்ணாடியையும் படத்தையும் திரும்பப் பொருத்திப் பார்த்தார். பிறகு ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் போன பிறகு அந்தத் துணிப் பொட்டலம் என்னிடம்தான் இருக்கிறது.

நான் முதலாவது பதிலில் சொன்ன ஜெலற்றின்தான் இதற்கும் காரணம். ஈரத்தில் பிசினாகி, கண்ணாடியில் அழுந்திக் காய்ந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். இழுத்தால் கண்ணாடி விடாது, கடதாசிதான் விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சட்டத்தையும் பின்பலகையையும் கவனமாகக் கழற்றிவிட்டு, படமும் கண்ணாடியுமாக ஸ்கானரில் கண்ணாடிப் பக்கம் கீழே வரக் கவிழ்த்து, 600 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்யுங்கள். அதற்கு முன் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துணியில் சற்றே ஈரம் தொட்டுத் துடையுங்கள், ஒரு சொட்டும் ஓரத்தால் உள்ளே போகக் கூடாது. ஸ்கானர் இல்லையென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிற ஜன்னலருகே நிமிர்த்தி வைத்து, கமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடித்து எடுங்கள், பளபளப்பு விழாது. அதைப் பிரின்ட் போட்டு முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடு மெல்லிய அட்டை இரண்டின் நடுவில் வைத்துப் படுக்கையாக வையுங்கள். இனிச் சட்டம் போடுகிறபோது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி வருமாறு நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈரம் இழுக்க அரிசி போட்டால் போதுமா? பூச்சி உருண்டை வைக்கலாமா?
– ஏறாவூரிலிருந்து

பதில்: இரண்டும் வேண்டாம். அரிசி வண்டைக் கூப்பிடும், அதன் மாவு படத்தில் படியும். பூச்சி உருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள் பிளாஸ்டிக்கையும் படத்தையும் பாதிக்கும், மனிதருக்கும் நல்லதில்லை. சிலிக்கா ஜெல் வாங்குங்கள். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் குடிக்கும். துணிப் பொட்டலமாகக் கட்டி, படத்தில் நேரே படாமல் பெட்டியின் ஓரத்தில் வையுங்கள். நிறம் மாறுகிற மணி கலந்ததென்றால் பார்த்தவுடனே நிறைந்தது தெரியும். 120 பாகை சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்பப் பழைய நிலைக்கு வரும். நீல மணியில் கோபால்ட் உண்டு, அது நஞ்சு. அதைச் சமைக்கிற தாச்சியிலோ அடுப்பிலோ போட வேண்டாம், செம்மஞ்சள் மணியாகப் பார்த்து வாங்குங்கள். மாரி காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாருங்கள். புத்தகத்துக்குள் ஓடுகிற வெள்ளிநிறப் பூச்சி ஒன்று கண்டாலும் விடாதீர்கள், அது ஜெலற்றினைச் சுரண்டித் தின்னும்.

கேள்வி: சுனாமியில் நனைந்த படங்கள் கட்டுக் கட்டாக இறுகிப் போய் இருக்கின்றன. எறிய மனமில்லாமல் இருபது வருடமாக வைத்திருக்கிறேன். இப்போது பிரிக்க முடியுமா? மகளுக்கு அவளின் மாமாவைக் காட்ட வேறு படமில்லை.
– தாய் ஒருவர், திருக்கோவில்

பதில்: எறியாமல் வைத்திருந்ததற்கு முதலில் நன்றி அம்மா.

2004 மார்கழி 26க்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் தங்கச்சி வீட்டு விறாந்தையில் மூன்று பேசின் வைத்து நான் இதே வேலை செய்தேன். நனைந்தது நனைந்தபடி வந்தவற்றை ஈரம் காயவிடாமல் கிணற்றுத் தண்ணீரில் போட்டு, மணலும் உப்பும் போக ஒன்று மாற்றி ஒன்றாக அலசி, தானாகப் பிரிகிற வரைக்கும் காத்திருந்து, கட்டிலில் இழுத்துக் கட்டிய நுளம்பு வலையில் முகம் மேலே இருக்கப் பரப்பினேன். இரண்டு நாளுக்குள் வந்தவை அநேகம் தப்பின. அதற்குப் பிறகு வந்தவற்றில் பூஞ்சணம் ஜெலற்றினைத் தின்று விட்டிருந்தது, தண்ணீரில் போட்டதும் நிறம் சாயமாகக் கரைந்து ஓடியது. நாவலடிப் பக்கமிருந்து ஒரு தாய் கொண்டு வந்த படத்தில் பிள்ளையின் முகம் முழுவதும் போய், வெள்ளைச் சப்பாத்து இரண்டும் மட்டும் அப்படியே இருந்தன. எதுவும் மிஞ்சவில்லை என்று நான் தயங்க, 'சப்பாத்து இருக்குதானே' என்று வாங்கிக் கொண்டு போனார்.

உங்கள் கட்டுகள் காய்ந்து இருபது வருடமாகிவிட்டதால் உண்மையைச் சொல்ல வேண்டும். சில பிரியும், சில பிரியாது. ஒவ்வொரு கட்டின் மேல் படத்தையும் அடிப் படத்தையும், ஓரத்தில் தெரிகிற எதையும் முதலில் ஸ்கான் செய்து விடுங்கள். பூஞ்சணம் இல்லாத, கறுப்பு வெள்ளைப் படமோ ஸ்டூடியோவில் கழுவிய வர்ணப் படமோ என்றால், முக்கியமில்லாத ஒரு சிறு கட்டைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்துப் பார்க்கலாம். சுடு தண்ணீர் வேண்டாம். நீங்கள் பிரிக்காதீர்கள், தண்ணீர் பிரிக்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மூலையை மட்டும் விரலால் அசைத்துப் பாருங்கள். நிறம் கலங்கினால் உடனே வெளியே எடுங்கள். வீட்டுப் பிரின்டரில் மையால் அடித்த படமென்றால் தண்ணீரே காட்டக் கூடாது. மகளின் மாமாவுடைய படம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் உங்கள் கை பழகியிருக்கும். மனம் ஒப்பவில்லை என்றால் தொடாமலே வையுங்கள், அதுவும் சரிதான்.

கேள்வி: ஒட்டும் வரை யார் எவர் என்று மறக்காமல் இருக்கப் படத்தின் பின்னால் எழுதலாமா?
– மாணவன், மட்டக்களப்பு

பதில்: குமிழ்முனைப் பேனையால் எழுதினால் முகத்தின் பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும். பழைய கடதாசிப் படமென்றால் கவிழ்த்துக் கண்ணாடி மேல் வைத்து, 2பி பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். இப்போதைய வழுக்குப் படத்தில் பென்சில் பிடிக்காது. அதற்கு இடையில் வைக்கிற ஏ4 துண்டில் எழுதினால் போதும். வருடம், ஊர், இடமிருந்து வலமாகப் பெயர். பெயர் தெரியாதவருக்கு ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி உள்ளவற்றை மட்டும் தனியே எடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவிடம் கொண்டு போங்கள். அவருடைய மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துக் கொடுங்கள்.